விழக் கற்பித்தவர்

நுழையும்முன்

தற்காப்புக் கலை என்றவுடன் பாய்ந்து அடிக்கும் கையும் சுழன்று உதைக்கும் காலுமே நினைவில் எழுகின்றன. ஆயின், ஜூடோவின் முதல் பாடம் அடிப்பதன்று, விழுவது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அந்தப் பாடத்தை இந்தியப் பள்ளியொன்றில் கற்பிக்க ஜப்பானிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். அவரிடம் பயின்றவர்களுள் பெண்களும் இருந்தனர். அவர் வந்த வரலாற்றையும், கற்பித்த கலையின் நுட்பத்தையும், பாதி வழியில் நின்றுபோன அம்முயற்சியையும் இப்பாடம் விளக்குகிறது.

மணலும் களமும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மணலூர்பேட்டை தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த ஊர். தை மாதத்தில் இங்கு நடைபெறும் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் தீர்த்தவாரிக்காக எழுந்தருள்கிறார். அன்று ஆற்றங்கரையில் கூடும் கூட்டத்தில் பெரியவர்களின் கண்கள் தெய்வத்தின்மீது இருக்க, சிறுவர்களின் கால்கள் மணலில் இருக்கும். கரையின் மேட்டிலிருந்து ஓடிவந்து குதிப்பர்; குப்புற விழுவர்; எழுந்து மீண்டும் ஓடுவர். அதே சிறுவன் பள்ளியின் சிமெண்டுத் தரையில் அவ்வாறு விழுந்தால் அழுதுகொண்டுதான் வீட்டுக்குப் போவான்.

காரணம் எளிது. உடல் விழும் வேகம் இரண்டு இடத்திலும் ஒன்றே. மணல்துகள்கள் விலகி இடங்கொடுப்பதால் உடல் நிலைபெறச் சற்றுக் கூடுதலான நேரம் கிடைக்கிறது. தாக்கமும் பரவலான பரப்பில் பகிரப்படுகிறது. சிமெண்டுத் தரை இடங்கொடுப்பதில்லை. அங்கே தாக்கம் முழுவதும் ஒரு நொடியின் சிறு பகுதியில், முழங்காலிலோ மணிக்கட்டிலோ வந்து குவிகிறது.

இவ்வுண்மையை உலகின் மற்போர் மரபுகள் எல்லாம் அறிந்திருந்தன. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். மற்போர் தமிழர்க்கு அத்துணைப் பழைமையானது. வங்கத்திலும் மற்போர்க் களம் குழைத்த மண்ணால் ஆனதே. கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் தம் இளமை நினைவுகளில், விடியற்காலையில் ஒற்றைக்கண் மல்லர் ஒருவரிடம் தாம் மற்போர் பயின்றதை எழுதியுள்ளார். ஒரு முழ ஆழத்துக்கு மண்ணைக் கிளறி, அதில் கடுகெண்ணெய் ஊற்றி மென்மையாக்கிய களம் அது. மகனின் உடலில் படியும் அந்த மண்ணால் நிறம் மங்கிவிடுமோ என்று அவர்தம் தாயார் கவலைப்பட்டாராம். விடுமுறை நாள்களில் பாலாடையும் வாதுமையும் ஆரஞ்சுத் தோலும் கலந்த கலவையால் அவரைத் தேய்த்துக் குளிப்பாட்டுவது வழக்கம். பின்னாளில் தம் பள்ளிக்கு ஜப்பானிய ஆசிரியரை வரவழைத்த கவிஞர், முதலில் மண்ணில் விழுந்து எழுந்தவர் என்பது கருதத்தக்கது.

தரை மென்மையாக இல்லாத இடத்தில் என்ன செய்வது? தரை இளகாதபோது உடலே இளகக் கற்க வேண்டும். இவ்வினாவிலிருந்து பிறந்த பயிற்சிகளுள் மிகத் தெளிவாக வகுக்கப்பட்டது ஜப்பானியரின் ஜூடோ.

மெலிந்த மாணவனின் தேடல்

ஜூடோவை உருவாக்கியவர் ஜிகோரோ கானோ. 1860ஆம் ஆண்டு பிறந்த இவர் இளமையில் மெலிந்த உடலினர். வலிய மாணவர்களின் துன்புறுத்தலுக்கு ஆளானவர். சிறியவர் பெரியவரை வெல்ல உதவும் ஜுஜுட்சு என்னும் கலையைப் பற்றிக் கேள்வியுற்று, அதனைக் கற்பிப்பாரைத் தேடி அலைந்தார்.

அக்காலத்தில் அது எளிதாக இல்லை. 1868இல் ஜப்பானில் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்துக்குப்பின் சாமுராய் என்னும் போர்வீரர் குலத்தின் செல்வாக்குச் சரிந்தது. வாள் ஏந்தும் உரிமை பறிபோயிற்று. மேலைநாட்டுக் கல்வியும் உடையும் பெருமைக்குரியனவாக, பழைய போர்க்கலைகள் நாட்டுப்புறத்தாரின் வழக்கமென இகழப்பட்டன. ஆசான்கள் பலர் பிழைப்புக்காக எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் தொழிலை மேற்கொண்டனர். ஆகவே, கானோ எலும்பு வைத்தியர்களின் வீட்டுக் கதவுகளைத் தட்டினார். அவர்களுள் ஒருவர் வழியாகவே 1877இல் தம் முதல் ஆசானை அடைந்தார். சிலம்ப ஆசான்கள் சிலர் வர்மமும் எலும்புக்கட்டும் அறிந்தவராக விளங்குவதைக் கண்ட தமிழ்நாட்டார்க்கு இது வியப்பளிக்காது. உடலை முறிக்கத் தெரிந்தவர்க்கே அதைப் பொருத்தவும் தெரியும்.

இரு வேறு மரபுகளைக் கற்றுத் தேர்ந்த கானோ, 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலின் ஒரு பகுதியில் தம் பள்ளியைத் தொடங்கினார். கோடோகன் என்பது அதன் பெயர். பன்னிரண்டு பாய்கள் விரிக்கத்தக்க இடம்; முதலாண்டில் ஒன்பது மாணவர்கள். உயிருக்கு ஊறு விளைவிக்கும் பிடிகளையும் அடிகளையும் அவர் தடையற்ற பயிற்சியிலிருந்து விலக்கினார். எஞ்சியவற்றை, இருவர் முழு ஆற்றலுடன் மோதினும் காயமின்றி வீடு திரும்பத்தக்க முறையாக ஒழுங்குபடுத்தினார். 'ஜூ' என்பது மென்மை, இணங்குதல். 'டோ' என்பது வழி. போர்த் தந்திரத்தைக் கல்வியாக மாற்றியதே அவருடைய அருஞ்செயல். அவர் தொழிலாலும் ஆசிரியர். டோக்கியோ உயர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் தலைவராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியவர்.

இணங்கி வெல்லும் நெறியைக் கானோ ஓர் எளிய கணக்கால் விளக்குவார். எதிரியின் வலிமை பத்து. உன் வலிமை ஏழு. அவர் தள்ளும்போது எதிர்த்து நின்றால் நீ தோற்பது உறுதி. தள்ளும் திசையிலேயே, உன் நிலை தவறாமல், பின்வாங்கினால் என்னவாகும்? தாங்குதலை எதிர்பார்த்த அவருடைய உடல் முன்சாய்ந்து நிலைகுலையும். அந்நிலையில் அவர் பயன்படுத்தக்கூடிய வலிமை மூன்றுதான். உன் ஏழோ ஏழாகவே இருக்கிறது. அதிலும் பாதியைக் கொண்டே நீ அவரை வீழ்த்திவிடலாம்.

தெரியுமா?

கராத்தே ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவாத் தீவில் வளர்ந்த கலை. ஒகினாவாவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் கிச்சின் புனாகோஷி 1922இல் டோக்கியோவில் அதனைச் செய்துகாட்டினார். பின்னர் அவரைக் கோடோகனுக்கு அழைத்து, தம் மாணவர்முன் செய்துகாட்டச் சொன்னவர் ஜிகோரோ கானோ. கராத்தே முதன்மையாக அடித்தலும் உதைத்தலும் தடுத்தலும் சார்ந்தது. ஜூடோ பற்றுதலும் எறிதலும் சார்ந்தது. காஞ்சியிலிருந்து சீனம் சென்ற போதிதருமரே இக்கலைகளுக்கெல்லாம் மூலவர் என்னும் செய்தி நம்மிடையே பரவலாக வழங்குகிறது. அதற்கு அடிப்படையான சீன நூல் 17ஆம் நூற்றாண்டில் தோன்றியது என்பதால் வரலாற்றறிஞர் அதனை ஏற்பதில்லை. இந்தியாவுக்கும் ஜப்பானியத் தற்காப்புக் கலைக்கும் சான்றுள்ள தொடர்பு ஒன்று உண்டு. அது காஞ்சியில் அன்று, வங்கத்தில் தொடங்குகிறது.

சாந்திநிகேதனின் அழைப்பு

தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார். அடுத்த நான்காண்டுகளில் இரு பெரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. ஆசிய நாடாகிய ஜப்பான் உருசியப் பேரரசைப் போரில் வென்றது. ஆங்கில அரசு வங்கத்தை இரண்டாகப் பிரித்தது. முன்னது வங்க இளைஞர்க்கு நம்பிக்கையையும் பின்னது சினத்தையும் ஊட்டின. வங்காளியர் உடல் வலுவற்றவர் என்று ஆட்சியாளர் எழுதியும் பேசியும் வந்த பழிப்புரை அவர்கள் உள்ளத்தில் ஆறாத புண்ணாக இருந்தது. ஊர்தோறும் உடற்பயிற்சிக் கழகங்கள் எழுந்தன. தாகூரின் உடன்பிறந்தார் மகளான சரளாதேவி, சிலம்பமும் வாட்பயிற்சியும் அளிக்கும் பயிற்சிக்கூடத்தைக் கல்கத்தாவில் நடத்தினார். தமிழகத்தில் பாரதியார் உடலுறுதியை வலியுறுத்தி எழுதியதும் இவ்வலையின் ஒரு பகுதியே.

இந்தச் சூழலில், 1905இல், ஜின்னோசுகே சானோ என்னும் ஜப்பானிய இளைஞர் சாந்திநிகேதனுக்கு வந்து ஜுஜுட்சுவும் ஜப்பானிய மொழியும் கற்பித்தார். தாகூரின் 'கோரா' புதினத்தைப் பின்னாளில் ஜப்பானிய மொழியில் பெயர்த்தவர் இவரே. தற்காப்புக் கலை கற்பிக்க வந்தவர் ஓர் இலக்கியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

சானோ சென்றபின் அக்கலை அங்கு வேரூன்றவில்லை. இடையில் பள்ளி வளர்ந்து 1921இல் விசுவபாரதி என்னும் பல்கலைக் கல்விக்கூடமாயிற்று. மாணவியர் பெருகினர். 1929இல் மீண்டும் ஜப்பான் சென்றிருந்த தாகூர், ஜூடோவைத் தம் பள்ளியில் முறையாகக் கற்பிக்க ஆசிரியர் ஒருவர் வேண்டும் என விரும்பினார். அவ்வேண்டுகோளின் விளைவாகக் கோடோகனில் பயின்று தேர்ந்த ஷின்ஸோ தககாகி அவ்வாண்டின் இறுதியில் சாந்திநிகேதன் வந்தடைந்தார். இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னர்த் தொடங்கி நின்றுபோன பாடம் மீண்டும் தொடங்கியது.

பயிற்சியின் படிகள்

ஜூடோ மாணவர் பயிற்சிக்கூடத்தில் நுழையும்போது வணங்குவார். இணையரை நோக்கியும் வணங்குவார். தன் உடலை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் கலையாதலால் இவ்வணக்கம் வெறும் சடங்கன்று. தடித்த பருத்தித் துணியால் தைத்த தளர்ந்த மேலாடையும் இடுப்புக் கச்சையும் அணிவர். எறிதலுக்குப் பற்றிக்கொள்ளும் பிடி அம்மேலாடையின் கழுத்துப் பகுதியிலும் கையிலும்தான் அமைகிறது. ஆகவே கிழியாத ஆடை அழகுக்காக அன்று. அது பயிற்சிக்கான கருவி.

முதல் பாடம் உகெமி, அதாவது விழும் முறை. பின்புறமாக விழும்போது மனிதனின் இயல்பு என்ன? கையை ஊன்றித் தாங்கப் பார்ப்பதும் தலையைப் பின்னே சாய்ப்பதும் ஆகும். இரண்டும் தவறு. ஊன்றிய கையில் மணிக்கட்டோ தோளோ முறியும். சாய்ந்த தலை தரையில் மோதும். எனவே, முகவாயை மார்போடு சேர்த்துக் கச்சை முடிச்சைப் பார்க்கும்படி மாணவர்க்குச் சொல்லப்படுகிறது. முதுகு வில்லென வளைய வேண்டும். முதுகு தரையைத் தொடும் அதே கணத்தில், நீட்டிய கைகள் இரண்டும் உள்ளங்கை முதல் முழங்கை வரை தரையை ஓங்கி அறைய வேண்டும். தாக்கம் ஒரு புள்ளியில் குவியாமல் பரந்த பரப்பில் பகிரப்படுகிறது. ஆற்று மணல் சிறுவனுக்குச் செய்துகொடுத்ததை இங்கே உடல் தானே செய்துகொள்கிறது.

இது முதலில் உட்கார்ந்த நிலையிலும் பின்னர்க் குந்திய நிலையிலும் அதன்பின் நின்ற நிலையிலும் பழகப்படுகிறது. பிறகு பக்கவாட்டிலும், முன்புறமாக உருண்டும் விழுவர். ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும். பார்ப்பவர்க்கு இது சலிப்பூட்டும். பழகுபவர்க்கோ இதற்குள் ஒரு மாற்றம் நிகழ்கிறது. விழுவதற்கு அஞ்சும் உடல் எப்போதும் விறைத்து நிற்கிறது. விறைத்த உடலை நிலைகுலைப்பது எளிது. அச்சம் நீங்கிய உடல் தளர்ந்து, எதிரியின் அசைவை உணரத் தொடங்குகிறது. எறியக் கற்பதற்கு முன் விழக் கற்பிப்பது மாணவரின் பாதுகாப்புக்காக மட்டுமன்று. எறியும் திறனுக்கே அது அடிப்படை.

அடுத்தது எறிதல். அதனை மூன்று கட்டமாகப் பகுப்பர். எதிரியைச் சமநிலை குலைத்தல் குசுஷி. எறிதற்கேற்ற இடத்தில் தன் உடலைப் பொருத்துதல் சுகுரி. எறிந்து முடித்தல் காகே. எடுத்துக்காட்டாக, இடுப்பால் எறியும் முறையில் மாணவர் எதிரியை முன்னே இழுக்கிறார். அவர் தம் பாதத்தின் முன்பகுதியில் எழும்பும் கணத்தில் திரும்பி, முழங்காலை மடித்து, தம் இடுப்பை அவருடைய இடுப்புக்குக் கீழே கொண்டு செல்கிறார். பின்னர்க் காலை நிமிர்த்தினால் போதும். எடையைத் தூக்குவது கையன்று. கைகள் திசை காட்டுகின்றன. உயரம் குறைந்தவர்க்கு இம்முறையில் ஒரு வாய்ப்பும் உண்டு. அவருடைய இடுப்பு முன்னமே தாழ்ந்திருக்கிறது.

இருவர் இசைந்து, முன்னரே வகுத்த அசைவுகளைச் செய்து பழகுவது கத்தா. யார் எதைச் செய்வார் என்பதை அறியாமல் தடையின்றி மோதிப் பழகுவது ரந்தோரி. பிடியில் சிக்கியவர் கையால் இருமுறை தட்டினால் பிடித்தவர் உடனே விட்டுவிட வேண்டும். வெற்றியைவிட அந்தத் தட்டலுக்குச் செவி கொடுப்பதே முதன்மையான ஒழுங்கு.

மேடையேறிய மாணவியர்

தககாகியின் வகுப்பை இந்திய வரலாற்றில் தனித்துக் காட்டுவது அதில் பெண்கள் பயின்றதேயாகும். ஜப்பானிலும் அப்போது பெண்கள் முறையாக ஜூடோ பயில்வது புதிது. கோடோகனில் மகளிர் பிரிவு அமைக்கப்பட்டது 1926இல்தான். மூன்றே ஆண்டுகள் கழித்து, பெண்கள் முற்றத்தில் ஓடுவதையே குடும்பங்கள் விரும்பாத நாட்டில், மாணவியர் பயிற்சியாடை அணிந்து ஒருவரையொருவர் எறிந்து பழகினர்.

அவர்களுள் ஒருவர் அமிதா சென். சாந்திநிகேதனின் பேரறிஞர் க்ஷிதிமோகன் சென்னின் மகள். நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென்னின் தாயார். தாகூரின் நாட்டிய நாடகங்களில் ஆடியவர் அவர். நல்ல குடும்பத்துப் பெண்கள் பொதுமேடையில் தோன்றுவது பழிக்கப்பட்ட காலம் அது. தம் தாய் அக்காலத்திலேயே ஜூடோ பயின்றதை அமர்த்தியா சென் தம் நினைவுநூலில் பெருமிதத்துடன் குறிப்பிட்டுள்ளார். ஒரே பெண் நடனமும் ஜூடோவும் கற்றது தற்செயலாக நேர்ந்ததன்று. இரண்டிலும் உடல் நாணத்திலிருந்து விடுபடுகிறது. அதுவே தாகூர் தம் மாணவியர்க்கு வேண்டியது.

1931 மார்ச்சில் கல்கத்தாவின் நியூ எம்பயர் அரங்கில் சாந்திநிகேதன் மாணவர்களின் ஜூடோ நிகழ்ச்சி நடைபெற்றது. தாகூர் இதற்கெனவே பாடலொன்று இயற்றியிருந்தார். தயக்கத்தில் உறைந்து நிற்பதைக் கைவிட்டு, தன்னைத் தானே காத்துக்கொள்ளவும் எளியவரைக் காக்கவும் எழும்படி அழைக்கும் பாடல் அது. தற்காப்புக் கலை நிகழ்ச்சிக்கென ஒரு மகாகவி பாட்டெழுதியது அரிதினும் அரிது. பெருநகர மக்களை அரங்குக்கு அழைத்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. இக்கலையைச் சாந்திநிகேதனின் வேலிக்குள் நிறுத்தாமல், நாட்டின் இளைஞர் அனைவர்க்கும் கொண்டுசேர்க்கப் புரவலர் தேவைப்பட்டனர்.

பிரிவு

தககாகியின் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கானது. அயல்நாட்டு ஆசிரியருக்குரிய ஊதியமும் பயணச் செலவும் விசுவபாரதியின் சக்திக்கு மிஞ்சியவை. எப்போதும் பொருள் முட்டுப்பாட்டில் நடந்த நிறுவனம் அது. நிதி திரட்டத் தாகூர் முதிய வயதிலும் நாடு நாடாகப் பயணம் செய்துகொண்டிருந்தார். ஜூடோ ஆசிரியரைக் கல்கத்தா மாநகராட்சி ஏற்றுக்கொண்டு நகரத்து இளைஞர்க்குப் பயிற்சியளிக்கச் செய்ய வேண்டும் என்று அவர் முயன்றார். சுபாஷ் சந்திர போஸ் மேயராக இருந்த காலம் அது. சட்டமறுப்பு இயக்கத்தின் கொந்தளிப்பில் தலைவர்கள் சிறைக்கும் வெளிக்குமாக இருந்தனர். முயற்சி கைகூடவில்லை. தாகூருக்கு இது பெரும் ஏமாற்றமாயிற்று. அவர் வருந்தியது செலவான பணத்துக்காக மட்டுமன்று. கற்பிக்க ஆசிரியர் வந்து நின்றபோது கற்றுக்கொள்ள ஒரு நாடு முன்வரவில்லையே என்பதற்காகவும் ஆகலாம்.

தககாகி வங்கத்தைவிட்டுப் புறப்பட்டார். நேபாளத்திலும் ஆப்கானிஸ்தானத்திலும் அவர் ஜூடோ கற்பித்தார். பின்னர்த் தாயகம் திரும்பி, கோடோகனின் மூத்த ஆசிரியர்களுள் ஒருவராக மதிக்கப்பெற்றார். 1950களில் அமெரிக்க மாணவர் ஹெரால்டு ஷார்ப்புடன் இணைந்து ஜூடோ நுட்பங்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் பல நாட்டு மாணவர்க்குக் கையேடாயிற்று.

1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பெற்றது, ஆடவர்க்கு மட்டும். பெண்கள் பதக்கத்துக்காகப் போட்டியிட 1992ஆம் ஆண்டின் பார்சிலோனா ஒலிம்பிக் வரை காத்திருக்க நேர்ந்தது. கல்கத்தா மேடையில் சாந்திநிகேதன் மாணவியர் தோன்றி அப்போது அறுபத்தோராண்டுகள் கடந்திருந்தன.

இன்று ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளி மாணவியர்க்குத் தற்காப்புப் பயிற்சி அளிக்கப்படுகிறது. கராத்தேயும் சிலம்பமும் ஜூடோவும் பள்ளி வளாகத்துக்குள் வந்துவிட்டன. தாகூரின் அந்தப் பாடலை வங்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் விழாக்களில் சேர்ந்து பாடுகின்றனர். அது ஜூடோ உடையில் மேடையில் நின்ற மாணவர்களுக்காக எழுதப்பட்டது என்பது அவர்களுள் பலர் அறியாதது.